ஜன்னலோரத் தொட்டி

குளிர் இறங்குமுன் தொட்டிச் செடிகளை வீட்டுக்குள் எடுத்துவிடுவது எங்கள் ஹங்கேரியில் வழக்கம். கிஸெல்லாவின் சமையலறையில் ஜன்னலோரம் பிரிஞ்சி இலைச் செடி, கதவோரம் அரளி. பல வருடமாக அதே இடம். இலை பறிக்க அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள், அவ்வளவு கர்வம்.

இந்த முறை தொட்டிகளை உள்ளே இழுத்து வைத்தவர் கணவர் லோராந்த். ஜன்னலோரத்து இலையைப் பறித்துச் சேர்த்து வெள்ளரி ஊறுகாய் போட்டுச் சில நாள் கழித்துத்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலோரம் நின்றது அரளி.

"ஏங்க, எதுக்கு மாத்தி வச்சீங்க?"

"அரளிக்கு வெயில் வேணாமா?"

அவள் ஊறுகாய் அலமாரியைத் திறந்தாள். ஒரு ஜாடியைக் காணோம். "இங்க இருந்த ஜாடி எங்க?"

"அதுவா? பக்கத்து வீட்டு மார்கித்துக்குக் குடுத்தேன்."

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். மார்கித் வாயைத் துடைத்தபடி கதவைத் திறந்தாள்.

"வாடி! இந்த வருஷம் என்னடி ஊறுகா இப்படிக் கசக்குது?"