பள்ளிக்கூடத்தில் இருந்தபடி கம்பஸ் எடுபட்டது

சுவிற்சர்லாந்தில் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு விதி இருக்க வேண்டும். விதி இருந்துவிட்டால் காரியம் நடந்துவிடும் என்று நினைப்பவர்கள் நேற்று வந்தவர்கள். விதிக்குக் கீழே ஓர் உபவிதி, அதற்குக் கீழே ஒருவருடைய சம்மதம், அந்தச் சம்மதத்துக்குக் கீழே இன்னொருவருடைய சந்தேகம் என்று அடுக்கடுக்காக இருக்கும். பிற்காலத்தில் அலுவலக மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து பிழைத்தவள் என்பதால், இதையெல்லாம் இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். பதினேழு வயதில் எனக்கு விதி மட்டும்தான் தெரிந்திருந்தது.

அந்த விதி இதுதான். கிம்னாசியத்தில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் உயர்பள்ளியில், படிக்கும் ஒரு பிள்ளை, பள்ளிக்கூடம் சம்மதித்தால், பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒரு விரிவுரையைக் கேட்கலாம். முடிவில் சோதினை எழுதலாம். சித்தியடைந்தால் அதற்குரிய புள்ளிகளைப் பத்திரமாக வைத்திருந்து, பின்னர் முறையான மாணவியாகச் சேரும்போது கணக்கில் சேர்ப்பார்கள். கணிதத்தில் எனக்கிருந்த வெறியைப் பார்த்து ஆசிரியர் ஒருவர் சிபாரிசு செய்தார். பள்ளிக்கூடம் சம்மதித்தது. வியாழக்கிழமை காலைகளில் நான் பிரெஞ்சுப் பாடத்தை விட்டுவிட்டு நாங்கள் குடியிருந்த ஊஸ்டரிலிருந்து ரயிலேறி, பள்ளிக்கூடம் இருந்த அடுத்த ஊரைத் தாண்டிச் சூரிச்சுக்குப் போகலானேன். விட்ட பாடத்தை நானே படித்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை.

வீட்டில் இதை விளக்கிச் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, மகள் கம்பஸ் எடுபட்டுவிட்டாள் என்று முடிவு செய்தார்கள்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும். அங்கே ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாவதில்லை, எடுபடும். ஒரு வகுப்பில் ஒருவரோ இருவரோ எடுபட, மிச்சப்பேர் காலம் முழுக்க எடுபடாதவர்களாக இருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா எடுபடாதவர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எடுபட்டும் போரினால் போய்ச்சேராதவர். இருவரும் ஆளுக்கொரு விதமாக இந்த நாட்டில் பாத்திரம் கழுவத் தொடங்கினார்கள். மாமா சீக்கிரமே அதிலிருந்து வெளியேறி ஒரு களஞ்சியத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்பா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையிலேயே தங்கிவிட்டார்.

வாயே திறக்காத அந்த அப்பாதான், சூரிச்சின் லாங்ஸ்ட்ராஸ தெருவில் நாங்கள் மரக்கறி வாங்கும் தமிழ்க் கடையில், முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். "மூத்தவள் கம்பஸ் எடுபட்டிட்டாள். பள்ளிக்கூடம் முடிய முன்னமே." கடைக்காரர் எழும்பிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதல் வியாழன் அப்பா வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு என்னோடு வந்தார். விரிவுரை மண்டபத்துக்கு வெளியே, என்னுடைய குளிர் மேலங்கியைக் கையில் வைத்துக்கொண்டு, முடியும்வரை நின்றார். உள்ளே தொங்கவிட இடமிருக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பும் ரயிலில், "என்ன படிப்பிச்சவை?" என்று கேட்டார். சொன்னேன். விளங்கியதுபோல் தலையாட்டினார். அதன்பிறகு ஒவ்வொரு வியாழன் மாலையும் இதே கேள்வி, இதே தலையாட்டல்.

மார்கழியில் எனது பிரெஞ்சுப் புள்ளி விழுந்தது. இங்கே நான்குக்குக் கீழே இருந்தால் போதாது என்று பொருள். எனக்கு மூன்றரை. அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. கடையில் செய்தி கேட்ட தமிழ்ப் பெற்றோர் சிலர் எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி எடுத்து, தங்கள் பிள்ளைகளையும் இப்போதே பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்திருக்கிறார்கள். அதிலொரு பிள்ளைக்கு வயது பன்னிரண்டு.

துணை அதிபர் பெற்றோரை அழைத்தார். சோதினைக்குச் சில வாரங்களே இருந்தன. பள்ளிக்கூடம் தன் சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால் சோதினை இல்லை, சோதினை இல்லாவிட்டால் அத்தனை வியாழனும் வீண். இரவில் கண்ணை மூடினால் பிரெஞ்சு வினைச்சொற்கள் வரிசையாக வந்து நின்றன.

வேலை முடிந்து வர அம்மாவுக்கு நேரம் போதாது. அதனால் மாமா வருவதென்று முடிவாயிற்று. ஊஸ்டரில் அரைவாசித் தமிழ் வீடுகளுக்கு எந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தாலும் மாமாவுக்குத்தான் அழைப்புப் போகும். அவருடைய டொச், அதாவது ஜெர்மன் மொழி, கடிதங்களைப் படித்துப் படித்தே கற்றுக்கொண்டது. "தாழ்மையுடன் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்" என்று தொடங்கித்தான் ரொட்டிக்கடையில் பாண் வாங்குவார். அப்பாவின் டொச் சமையலறையில் கற்றது. சூடு, கெதியா, பின்னால வாறன், முடிஞ்சுது. இந்த நான்கிலும் அவர் குறையே சொல்லமுடியாத உச்சரிப்பு உடையவர்.

முதல்நாள் மாமா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்.

"நான் கதைக்கிறன். பிள்ளை, கேட்டால் மட்டும் மறுமொழி சொல்லு. அத்தான், நீங்கள் தலையை ஆட்டினால் காணும்."

"எப்ப ஆட்டுறது?" என்றார் அப்பா.

"நான் உங்களைப் பாக்கேக்கை."

மாமாவின் கோட்பாடு எளிமையானது. எந்த அலுவலகத்துக்கும் உள்ள சந்தேகம் ஒன்றேதான்: இவர்கள் பொறுப்பானவர்களா? பொறுப்பு என்று நிரூபித்துவிட்டால் கையெழுத்து விழும். விசா நீடிப்பிலும் வீட்டு வாடகையிலும் இந்தக் கோட்பாடு அவரைக் கைவிட்டதில்லை. ஊரில் ஒரு தகப்பன் பள்ளிக்கூடத்துக்குப் போனால் அதிபருக்குச் சொல்ல வேண்டியதும் அதுதான். கண்ணை விட்டு மிச்சம் எல்லாத்தையும் உரியுங்கோ சேர் என்று சொல்லிவிட்டு வரும் தகப்பன்தான் அக்கறையுள்ள தகப்பன்.

துணை அதிபரின் அறையில் வட்ட மேசை. நடுவில் தண்ணீர்க் குவளையும் கைதுடைக்கும் காகிதப் பெட்டியும். மாமா கொண்டுபோன பயித்தம் பணியாரப் பெட்டியைத் துணை அதிபர் இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, ஏற்கலாமா கூடாதா என்ற விதியை மனதுக்குள் தேடியபடி அலமாரியின் மேல் வைத்தார். நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய, நிதானமான அம்மாள். நன்றாக நித்திரை கொள்கிறாயா என்று முதலில் என்னைக் கேட்டார். ஓம் என்றேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை அவர் பார்த்தார். சிநேகிதிகளோடு வெளியே போவதுண்டா? உண்டு என்றேன். இன்னும் என்னைப் பார்த்தபடியே, பல்கலைக்கழகத்துக்குப் போவது யாருடைய விருப்பம் என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன்.

"எங்கள் குடும்பம் முழுவதினதும் விருப்பம்," என்றார் மாமா, இலக்கணம் பிசகாமல்.

துணை அதிபர் எழுதினார்.

பிரெஞ்சு முன்னேறாவிட்டால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். மாமா நாற்காலியின் நுனிக்கு வந்தார். முன்னேறாமல் இருக்கும் என்ற கேள்விக்கே இடமில்லை என்றார். வீட்டில் தொலைக்காட்சி இணைப்பைத் துண்டித்துவிட்டோம். நீச்சலை நிறுத்திவிட்டோம். கொண்டாட்டங்களுக்குக் கூட்டிப்போவதில்லை. தகப்பன் காலையில் எழுப்பி மேசையில் இருத்திவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். பேனை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி தொடர் நாடகங்களால் சூடேறிக் கிடந்தது. எனக்கு நீச்சலே தெரியாது. நான் எழும்பும் நேரத்தில் அப்பா வேலைத்தலத்தில் இரண்டாம் முறை பாத்திரம் அடுக்கிக்கொண்டிருப்பார். இல்லாத ஒரு கொடுமையான வீட்டை மாமா அந்த அறையில் செங்கல் செங்கலாகக் கட்டிக்கொண்டிருந்தார், எங்கள் குடும்ப மானத்தைக் காப்பாற்றுவதற்காக.

ஏதோ பிழையாகப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. என்ன பிழை என்று தெரியவில்லை. அவர் நல்லபடியாகத்தானே சொல்கிறார்? பிறகு ஏன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அந்த அம்மாளின் உதடு இறுகிக்கொண்டு போகிறது? பெரியவர் கதைக்கும்போது குறுக்கே புகுந்து எனக்குப் பழக்கமில்லை. மேசைக்கடியில் கைகளை முழங்கால்களுக்கு இடையில் நெரித்துப் பிடித்துக்கொண்டேன். மாமா குறிப்புக் காட்டி அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டவில்லை. அவர் மாமாவையும் பார்க்கவில்லை, துணை அதிபரின் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தப் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அகதி விசாரணையில் நாள் முழுக்க இருத்திவைத்துக் கேள்வி கேட்கப்பட்டவர் அவர்; எந்தப் பதிலுக்குப் பேனை ஓடும் என்று பார்த்துப் பழகியவர்.

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" துணை அதிபர் நேராக அப்பாவிடம் கேட்டார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"அவர் நான் சொன்னதையே..." என்று மாமா தொடங்கினார்.

"நான் வேண்டாம் எண்டனான்," என்றார் அப்பா.

சமையலறை டொச்சில், வினைச்சொற்களுக்கு வால் இல்லாமல், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னார். கம்பஸ் வேண்டாம். என்ன அவசரம்? பிள்ளை நித்திரை கொள்ளுறேல்லை. நான் நிப்பாட்டச் சொன்னனான். அவள் கேக்கிறாள் இல்லை. படிச்சு என்ன? எனக்கு இதொண்டும் விளங்காது. நீங்கள் நிப்பாட்டினால் எனக்குச் சந்தோசம்.

மாமாவின் கால் மேசைக்கடியில் அப்பாவின் காலைத் தேடி என் காலை மிதித்தது.

வியாழன் தோறும் தலையாட்டிய மனிதர். கடையில் கைகுலுக்கிக்கொண்டவர். இப்போது, என்னுடைய சோதினை ஒரு நூலில் தொங்கும்போது, ஒரு பள்ளிக்கூட அதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்து அந்த நூலை அறுக்கிறார். துணை அதிபர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

"எனக்கு வேணும்!" என்று கத்தினேன். எழும்பி நின்றுவிட்டேன் என்பது நாற்காலி விழுந்த சத்தத்தில்தான் தெரிந்தது. "எனக்குத்தான் வேணும். அவருக்கு ஒண்டும் தெரியாது. அவர் நிப்பாட்டச் சொன்னாலும் நான் போவன். நீங்கள் நிப்பாட்டினாலும் போய்ப் பின்வாங்கில இருப்பன்." அழுகையில் மிச்சம் தமிழிலா டொச்சிலா வந்தது என்று ஞாபகமில்லை.

தகப்பனைப் பற்றி மற்றவர்கள் முன்னிலையில் இப்படிக் கதைத்த பிள்ளையை மாமா வாய் பிளந்து பார்த்தார். அப்பா குனிந்து நாற்காலியை நிமிர்த்தி வைத்தார்.

துணை அதிபர் பேனையை மூடினார். காகிதப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். இது உன்னுடைய விருப்பம்தான் என்று தெரிகிறது, சோதினையை எழுதலாம் என்றார். பிரெஞ்சுக்குச் சனிக்கிழமைகளில் மேலதிக வகுப்பு, வைகாசியில் மீண்டும் ஒரு சந்திப்பு. பிறகு அப்பாவைப் பார்த்து, சற்றே கண்டிப்பாக, மகளின் ஆர்வத்துக்கு வீட்டிலும் இடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்பா, "யா, யா," என்றார்.

ரயில் மேடையில் மாமா வெடித்தார்.

"அத்தான், பிள்ளையின்ரை படிப்பில அக்கறையில்லாத தேப்பன் எண்டெல்லோ இனி எழுதி வைச்சிருப்பினம்!"

"எழுதட்டும், மச்சான்."

"நான் எவ்வளவு பாடுபட்டுக் கதைச்சு நிமித்திக்கொண்டு வந்தனான். நீங்கள் ஒரு சொல்லிலை..."

"ஓம்," என்றார் அப்பா. "ரெயின் வருது."

நான் வேறு பெட்டியில் ஏறினேன். இரவு மாமா வந்து நடந்ததை அம்மாவுக்குச் சொன்னார். அம்மா அப்பாவின் தட்டைச் சத்தம் கேட்க வைத்தார். "ஊரெல்லாம் சொல்லிப்போட்டு, அங்கை போய்ச் சொல்லுற கதையே இது?" அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மறுவியாழன் மாலை அவர் என் அறை வாசலில் வந்து, "இண்டைக்கு என்ன..." என்று தொடங்கினார். உங்களுக்குத்தான் விளங்காதே என்றேன். அதன்பிறகு வியாழக்கிழமைகளில் அவர் வாசலைத் தாண்டிப் போகும் காலடி மட்டும் சற்று மெதுவாகக் கேட்கும்.

சோதினை எழுதினேன். பெறுபேறு ஒரு மாலை கைத்தொலைபேசியில் வந்தது. அப்பா அப்போதுதான் வேலையால் வந்து, வாசலில் சப்பாத்து அடுக்கும் தட்டின் மேல் உட்கார்ந்து கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"மறுமொழி வந்திட்டுதோ?"

"நீங்கள்தானே வேண்டாம் எண்டனீங்கள்."

"ஓம். எண்டாலும் சொல்லன்."

பாஸ் என்றேன். புள்ளிகள் கிடைத்துவிட்டன என்றேன். அவர் ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். வேலைக்களைப்பு என்று நினைத்தேன். என் கைத்தொலைபேசியில் மாமாவின் இலக்கத்தை அழுத்தினேன். அப்பாவையும் மீறி என்னுடைய சோதினையைக் காப்பாற்றித் தந்தவர் அவர் என்பதில் எனக்கு அப்போது சந்தேகம் இருக்கவில்லை. மாமாவுக்கும் இருக்கவில்லை. "அண்டைக்கு நான் கதைச்ச கதையெல்லோ பிள்ளை," என்றார். "ஓம் மாமா, நீங்கள் இல்லாட்டி இது நடந்திராது," என்று நன்றி சொல்லிக்கொண்டே, கீழே சலவை அறையில் நின்ற அம்மாவுக்கும் சொல்வதற்காக வாசலைக் கடந்து மாடிப்படிக்குப் போனேன். குறுகிய வாசல். நான் போவதற்காக அப்பா கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.