அழகுபாண்டியின் கை

சமயநல்லூர்ப் பக்கம் லேத் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். அழகுபாண்டியின் கை யாருக்கும் வராது. என் அத்தை மகன் என்பதற்காகச் சொல்லவில்லை. அவனோடு சண்டை போடாத நாளே எனக்குக் கிடையாது. எழுமலையில் கடலைக்காட்டை விட்டுவந்து, மோட்டார் ஷாப்ட் கடைந்தே பட்டறை போட்டவன். பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் வைப்பவன் நான், கருத்தக்கண்ணன்.

மூன்று வருடத்துக்கு முன் வசுந்தரா வந்தாள். மதுரை சௌராஷ்டிரப் பெண். வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. செம்புக்குள் டங்ஸ்டன் பதித்த, உள்ளங்கையளவு வில்லை ஒன்று வேண்டுமாம்.

“இதுமேல எலெக்ட்ரானை ஓங்கி அடிப்போம்ணே. அந்தப் பக்கம் பாசிட்ரான் வரும். எலெக்ட்ரானுக்கு நேர் எதிர். ரெண்டும் தொட்டா ரெண்டுமே காணாமப் போயிரும்.”

“அடியாத்தி, பேய் ஓட்டுற வேலைல்ல பாப்பா இது!” என்றான் மச்சான்.

காற்றே இல்லாத குழாய்க்குள் இருக்கப்போகும் சாமான், வெறுங்கை பட்டாலே கெட்டுவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். நாற்பது நாள் கடைந்தான். உறை மாட்டிய கையோடு கழுவி, பையில் போட்டு ஒட்டினான்.

மறுநாள் ஆயுத பூஜை. அவன் பூ வாங்கப் போயிருந்தான். லேத், டிரில், திருப்புளி வரைக்கும் பொட்டு வைத்தேன். இம்புட்டுப் பெரிய வேலைக்குப் பொட்டு இல்லாமலா? பையைப் பிரித்து, சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்துத் தொலைத்தேன். அப்புறம்தான் அவள் சொன்னது உறைத்தது. துணியால் துடைத்து மறுபடி ஒட்டினேன். ஓரப் பள்ளத்தில் சிவப்பு நின்றதா என்று பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

வில்லை வடக்கே போனது. அங்கே குழாய்க்குள் வெற்றிடம் பிடிக்கவில்லை. கைப்பிசுக்கு என்று தகவல் வந்தது. வசுந்தராவின் ஒரு வருட உழைப்பு பாழாய்ப் போயிற்று. அன்றிலிருந்து மச்சான் கை கழுவ ஆரம்பித்தான். சோப்பு, மண்ணெண்ணெய், மறுபடி சோப்பு. விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் வரும். நுணுக்கமான வேலை எது வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவான். எனக்குக் கண்ணை மூடினால் அவன் கை கழுவும் தண்ணீர்ச் சத்தம்தான். என் பொண்டாட்டி நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சொல்லிவிடலாம் என்று போவேன். டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். அம்புட்டுக் கோழை நான்.

போன மாதம் வசுந்தரா மறுபடி வந்தாள், அதே வில்லையின் வரைபடத்தோடு.

“உங்களை விட்டா யாருண்ணே செய்வா?”

“வேணாம் பாப்பா. என் கை சரியில்ல.” சொல்லிவிட்டுக் கை கழுவத் தண்ணீர்க் குழாயைத் திறந்தான்.

அவள் வாசல் தாண்டிவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை.

“உன் கை இல்ல மச்சான். நான்தேன். பையைப் பிரிச்சுப் பொட்டு வச்சேன்.”

குழாயை மூடினான். வெடித்த விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“பொட்டு வச்சது போகட்டும் மாப்ள. மூணு வருசமா நான் கை கழுவுறத நின்னு பாத்துக்கிட்டு இருந்தியேடா.”

வசுந்தராவைக் கூப்பிட்டு வரைபடத்தை வாங்கிக்கொண்டான். என் முகத்தைப் பார்க்காமலே, “இனிமே இந்தப் பக்கம் வராத” என்றான்.

இரண்டு பட்டறைக்கும் நடுவே ஒரு தகரம்தான். லேத் ஓடுவது கேட்கிறது. அவன் இப்போது அப்படிக் கழுவுவதில்லையாம், வசுந்தரா சொன்னாள். தண்ணீர் விழும் சத்தம் எனக்கு மட்டும் இன்னும் நிற்கவில்லை.