என் நெஞ்சுத் துடிப்பை ஒன்பது பேர் பார்த்தார்கள்

போன வருஷம் மாரடைப்பு வந்து, தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு பிழைத்து வந்தேன். கிளம்புகிற அன்று அங்கிருந்த பெண் என் இடது கையில் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டிவிட்டார். பார்க்கக் கடிகாரம் மாதிரி இருக்கும். துடிப்பை எண்ணி, போன் வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். நான் வீட்டில் இருந்தாலும் டாக்டர் அங்கிருந்தே பார்த்துக்கொள்வார்.

"டாக்டரைத் தவிர வேற யாருக்கெல்லாம் தகவல் போகணும், சொல்லுங்க ஐயா."

கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர் சொல்வது போலச் சொன்னேன். மனைவி, தாய்மாமன், பங்காளிகள் நாலு பேர், மனைவியின் அண்ணன், சம்பந்தி. எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் விட்டுப்போனால் மூன்று வருஷத்துக்குப் பேச்சு இருக்காது. கடைசியாக நிலத்துக்காரரையும் சேர்த்தேன். அவர் ஓய்வுபெற்ற வாத்தியார், தஞ்சாவூரில் இருக்கிறார். அவருடைய ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர் நிலத்தை இருபத்திரண்டு வருஷமாக நான்தான் குத்தகைக்குச் செய்துவந்தேன். எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்து கிடையாது. அவர் பெயர் போடாமல் எங்கள் வீட்டில் ஒரு பத்திரிகையும் அச்சடித்ததில்லை.

"வெளியில போயிடாதேம்மா?" என்று கேட்டேன்.

"பாஸ்வேர்டு இருக்கு ஐயா. யாரும் பார்க்க முடியாது. இதுல ஓகே அழுத்துங்க."

திரை முழுக்க இங்கிலீஷ். நான் எட்டாவது வரை படித்தவன். எங்கள் ஊர் மாரியம்மனை நினைத்துக்கொண்டு அழுத்தினேன்.

எனக்கு ஆபத்து வந்தால் மட்டும் அவர்களுக்குச் செய்தி போகும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் மனைவியின் அண்ணன் வீட்டுக்கு வந்து சிரித்தார். "என்ன மாப்ள, நேத்து மத்தியானம் ரெண்டு மணி நேரம் நல்லா தூங்குனீங்க போல." நானும் சிரித்தேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சித்திரையில் அம்மனுக்குப் பால்குடம் எடுத்தேன். உயிர் தந்தவளுக்கு நேர்ந்துகொண்டது. டாக்டரிடம் கேட்டு, அவர் மெதுவாக நடக்கச் சொன்ன பிறகுதான் எடுத்தேன். மஞ்சள் காப்பும் அந்தப் பட்டையும் ஒரே கையில் இருந்தன. மேளச் சத்தத்தில் சன்னதிக்குள் நுழைந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மைதான். பயத்தில் அல்ல.

வைகாசிக் கடைசியில், குறுவைக்கு வயலைத் தயார் செய்யும் நேரத்தில் நிலத்துக்காரர் கூப்பிட்டார். "இந்த வருஷம் வேற ஆளுக்குச் சொல்லிட்டேன். நீங்க உடம்பைப் பாருங்க" என்றார். அடுத்த பஸ்ஸில் தஞ்சாவூர் போனேன். அவர் காப்பி கொடுத்துவிட்டுத் தன் போனை என் முன்னால் நீட்டினார். சிவப்புக் கோடு ஒன்று மேலே ஏறி நின்றது.

"இது என்ன தேதி, பாருங்க."

பார்த்தேன். "அன்னிக்குப் பால்குடம் எடுத்தேன் சார்."

"எதுவா இருந்தா என்ன? வயல்ல விழுந்துட்டா ஊர் என்னையில்ல சொல்லும்."

"டாக்டர் வேலை செய்யலாம்னு சொல்லியிருக்கார் சார். என் நெஞ்சை நீங்க எதுக்கு சார் பார்த்தீங்க?"

"நீங்கதானே அனுப்பி வச்சீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே பெண்தான் இருந்தார்.

"நீங்க ஓகே குடுத்திருக்கீங்க ஐயா."

"ஒவ்வொரு துடிப்பும் ஒன்பது பேருக்குப் போகும்னு ஒரு வார்த்தை சொன்னியாம்மா?"

"அதுல எழுதியிருக்கே."

"எந்த பாஷையில?"

என் உயிரைக் காப்பாற்றிய இடத்தில் நின்று சத்தம் போட்டேன்; வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திருடன் எவனும் வரவில்லை, பாஸ்வேர்டை எவனும் உடைக்கவில்லை. சாவியை என் கையிலிருந்தே வாங்கி ஊருக்குப் பங்கு வைத்துவிட்டு, பூட்டு பத்திரம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்த டாக்டர் என் நெஞ்சைத் தொடும் முன் என்ன செய்யப்போகிறார் என்று தமிழில் சொன்னார். இந்தப் பட்டைக்கு அந்த மரியாதைகூட இல்லை.

எட்டுப் பெயரை எடுக்கச் சொன்னேன். மனைவி மட்டும் இருக்கட்டும் என்றேன். எடுத்தார். "ஆனா ஏற்கனவே போனதை எங்களால திரும்ப வாங்க முடியாது ஐயா" என்றார்.

மறுநாளே மனைவியின் அண்ணன் போன் செய்தார். "என்ன மாப்ள, என் பேரை எடுத்துட்டீங்களாமே. நான் அவ்வளவு வேண்டாதவனாயிட்டேனா?"

"உங்க தங்கச்சியைக் கேளுங்க" என்று வைத்துவிட்டேன். இன்றுவரை அவர் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று பூ போட்டுக் கும்பிட்டேன். தண்ணீர் என்ன தப்பு செய்தது? நிமிர்ந்து பார்த்தால் அந்த ஆறு மாவில் வேறு ஒருவருடைய டிராக்டர் சேறு அடித்துக்கொண்டிருந்தது. வடக்கு மூலையில் நான் எரு கொட்டி மேடாக்கிய இடத்தைத் தாண்டிப் போயிற்று. அங்கிருந்து நகர முடியவில்லை.

கையில் பட்டை அதிர்ந்தது. உடனே போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"வாய்க்கா கரையில."

"வயலைப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களா?"

டிராக்டர் சத்தம் கேட்காமல் இருக்கப் போனைக் கையால் பொத்தினேன்.

"இங்க எல்லாம் தெரியுதுங்க. ஏறிக்கிட்டே போகுது. வாங்க, வீட்டுக்கு வாங்க."