ரெஜிலா மாற்றிய குரல்

ரெஜிலாவை வளைக்கப் பார்த்தவர்களுக்கெல்லாம் கைதான் வலித்திருக்கிறது. சென்னையில் ஒரு கால் சென்டர்க்காரன், "உங்க பேச்சு பாட்டு மாதிரி இழுக்குது, பொதுவா பேசப் பழகுங்க" என்றான். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள். நான்காம் மாதம், இழுக்கிற அதே பேச்சில் அவனை நாலு வாங்கு வாங்கிவிட்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிவிட்டாள். வடசேரியில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பத்து வருஷம் ஓடியது. நாற்பது வயதில்தான் கடலோர எச்சரிக்கை மையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

அவள் கணினியில் செய்தியைத் தட்டினால், பதினாலு கடற்கரை ஊர்களில் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிகள் அதை வாசிக்கும். வாசிப்பது கணினிக் குரல். இளம்பெண் குரல், தேன் ஒழுகும். "அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் கொட்டி முடித்துவிடும்.

சித்திரையில் கள்ளக்கடல் வந்தது. காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. எங்கோ தூரத்தில் கிளம்பிய அலை, பட்டப்பகல் வெயிலில் வீட்டுக்குள் ஏறிவிடும். இரண்டு மணி நேரம் முன்பே ரெஜிலா எச்சரிக்கை அனுப்பிவிட்டாள். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு ஆள்கூட அசையவில்லை. தண்ணீர் ஏறி, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பாயோடு இழுத்தது. யாரோ பாய்ந்து பிடித்ததால் பிழைத்தது. அலுவலகக் குறிப்பில், எச்சரிக்கை நூறு சதவீதம் சென்றடைந்தது என்று எழுதினார்கள். சென்றடைந்ததாம், மண்ணாங்கட்டி!

ரெஜிலா லீவு போட்டுவிட்டு அந்த ஊருக்கே போனாள். பிள்ளையின் அம்மா லீமா வாசலில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மைக்குல சொன்னது கேக்கலியாக்கா?"

"கேட்டுது மக்கா. துணிக்கட ஆட்டோவுல போடுத வெளம்பரம்ணுல்லா நெனச்சேன். அதும் இப்பிடித்தானே கொஞ்சும்?"

 அந்த நேரம் பார்த்து மாதா கோயில் மணி அடித்தது. மைக்கில் கனத்த ஆண்குரல் ஒன்று தெருவின் பெயரைச் சொல்லி நிறுத்தியது. இறந்தவர் பெயரைச் சொல்லி மறுபடி நிறுத்தியது. லீமா மீனைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள். சீட்டாடியவர்கள் சீட்டை அப்படியே கவிழ்த்தார்கள். சாவுச் செய்தி கேட்டால் வேலையைப் போட்டுவிட்டுக் கோயில் முற்றத்தில் போய் நிற்பது அந்த ஊர் வழக்கம். கோயில் இருப்பது மேட்டில்.

மறுநாள் ரெஜிலா குரல் அமைப்பைத் திறந்தாள். பெண்குரலை ஆண்குரலாக்கினாள். சுருதியை இறக்கி, வேகத்தை முக்காலாகக் குறைத்தாள். ஊர்ப்பெயருக்குப் பின் இரண்டு நொடி நிறுத்தம் வைத்தாள். அன்பார்ந்தவர்களை அழித்தாள். உச்சரிப்புப் பட்டியலில் பதினாலு ஊர்ப்பெயரையும் அந்தந்த ஊர்க்காரர் சொல்கிற மாதிரியே ஏற்றினாள். ஹெட்போனைக் காதில் மாட்டிப் பதினோரு தடவை கேட்டுப் பார்த்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோப்பு சென்னைக்குப் போய்த் திரும்பும்போது அடுத்த சித்திரை வந்திருக்கும்.

அதற்குள் வைகாசியிலேயே கடல் மறுபடி ஏறியது. புதுக்குரல் லீமாவின் ஊர்ப்பெயரைச் சொல்லி நிறுத்தியது. அவ்வளவுதான், மீதியைக் கேட்க யாரும் நிற்கவில்லை. "யாரு? யாரு போனது?" என்று கேட்டபடி பிள்ளைகுட்டியோடு சனம் கோயில் மேட்டுக்கு ஓடியது. அரைமணி நேரம் கழித்துக் கடல் ஆளில்லாத வீடுகளில் புகுந்து சட்டி பானையை உருட்டியது.

பிழைத்தோம் என்று இருந்தார்களா? சாவு அறிவிப்புப் போட்டு வயசானவர்களைப் பதற வைத்ததாக ஊரிலிருந்து மனு வந்தது. அதிகாரி அனில்குமார் மெமோவை நீட்டினார். இன்றைக்கே எழுத்தில் விளக்கம் கொடுத்துப் பழைய குரலை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

"சாவுண்ணு நெனச்சு ஓடியிருக்காவ, ரெஜிலா. இது நியாயமா?"

"கோயில் மைக்கு நடைய எடுத்தது நான்தான் சார். சாவுண்ணே நெனைப்பாவண்ணு தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வச்சிருப்பேன்."

"வேல போயிரும்."

"போனா போட்டு சார். நான் மாத்த மாட்டேன். வேணும்ணா நீங்களே மாத்துங்க. மாத்தினது நீங்கதாண்ணு கையெழுத்தும் போடுங்க."

நாற்காலியை விட்டு எழுந்து அவருக்கு இடம் கொடுத்தாள். அனில்குமார் கெட்ட மனிதர் இல்லை, கையெழுத்துக்குப் பயந்தவர். கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரவில்லை.

ரெஜிலா மெமோவின் பின்பக்கத்திலேயே நின்றபடி விளக்கம் எழுதிக் கொடுத்தாள்.

"யார் இறந்தது என்று கேட்டுக்கொண்டு ஊரே ஓடிவந்தது. யாரும் இறக்கவில்லை."