பம்ப் அக்கா வாய் திறக்கவில்லை

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் பம்ப் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. இதயத்தைத் திறந்து வேலை பார்க்கும்போது அதை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் உடம்பு முழுக்க ரத்தத்தை ஓட்டுகிற மிஷின் அக்காவின் கையில்தான். தரை துடைப்பதும் டிராலி தள்ளுவதும் என் வேலை. மூலையில் நின்று அக்காவைப் பார்ப்பது ஆண்டவன் எனக்குக் கொடுத்த தனிக் கூலி.

அக்காவுக்கு உலகத்தில் ஒரே விரோதி காற்றுக் குமிழ். கடுகளவு குமிழ் ரத்தத்தோடு மூளைக்குப் போய்விட்டால் கை விழுந்துபோகலாம், வாய் குழறிப்போகலாம். அதனால் மிஷின் குழாய்களில் திரவம் நிரப்பும் முன்பே, சோடாவில் அடைக்கிறார்களே, அந்த வாயுவை ஓடவிட்டுக் காற்றை விரட்டிவிடுவார். அது திரவத்தில் சட்டென்று கரையுமாம், காற்று லேசில் கரையாதாம். பிறகு குழாய் நெடுக டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே வருவார். ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழெல்லாம் பயந்து மேலே கிளம்பும். அதிலும் தப்பியதைப் பிடிக்க ஒரு வடிகட்டி உண்டு.

வீட்டில் தண்ணீர் பாட்டிலைக்கூட தட்டிவிட்டுத்தான் குடிப்பாராம். "பால் கொதிக்குது, நீ அடுப்படிப் பக்கம் வராத தாயே! அத்தனை குமிழையும் பார்த்தா மயக்கம் போட்டுருவ" என்று அவர் வீட்டுக்காரர் கிண்டல் செய்வாராம்.

அக்காவின் அப்பா சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவர். "அங்க தண்ணியில டியூபை அமுக்கி, குமிழ் வந்துச்சுன்னா 'அப்பா, ஓட்டை கிடைச்சிருச்சு!'ன்னு குதிப்பேன். இங்க ஒரு குமிழைப் பார்த்தா சாமியைக் கூப்பிடுறேன்" என்பார் அக்கா.

ஒருநாள் குழாயின் வெளியே ஒட்டியிருந்த நீர்த்துளியைக் குமிழென்று நினைத்து அக்கா தட்டு தட்டென்று தட்டினார். மயக்க மருந்து டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அக்காவின் பக்கத்தில் எப்போதும் ஒரு துணி இருக்கும்.

எங்கள் தியேட்டரில் ஒரு முறை இருக்கிறது. இதயத்துக்குள் வேலை முடிந்ததும், அங்கிருந்து மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயில் போட்ட கவ்வியை எடுப்பதற்கு முன், அறுவை செய்கிற பெரிய டாக்டர், மயக்க டாக்டர், பம்ப் அக்கா மூவரும் "குமிழ் இல்ல" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு வாய் குறைந்தாலும் கவ்வி நகராது.

அன்று படுத்திருந்தவர் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும். வாசலிலேயே அவர் மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, அவரு திரும்பப் பேசுவாருல்ல? அந்த வாய்தான் எங்க வீட்டுக்குச் சோறு. வாய் அடங்கிட்டா அவரும் அடங்கிருவாரும்மா."

"கண்ணை எடுக்காமப் பார்த்துக்கறேன்" என்று மட்டும் அக்கா சொன்னார்.

புது வால்வு கச்சிதமாக உட்கார்ந்தது. இதயத்தில் மிச்சமிருந்த காற்றை ஒரு மெல்லிய குழாய் உறிஞ்சி, அக்காவின் மிஷினுக்குக் கொண்டுவந்தது.

"குமிழ் இல்ல" என்றார் பெரிய டாக்டர்.

திரையில் இதயத்தின் படத்தைப் பார்த்து, "குமிழ் இல்ல" என்றார் மயக்க டாக்டர்.

அக்கா வாய் திறக்கவில்லை! கடவுளே, கடவுளே என்று முணுமுணுத்தேன்.

"என்னக்கா, வெளிய இருக்கற துளியா?" மயக்க டாக்டர் கேட்டார்.

அக்கா துணியை எடுத்து அந்த மெல்லிய குழாயை அழுத்தித் துடைத்தார். குனிந்து பார்த்தார்.

"துடைச்சும் போகல டாக்டர். உள்ளதான். இன்னும் வருது!"

"அப்படியா? விடக்கூடாது. தலைமாட்டை இறக்குங்க!" பெரிய டாக்டரின் குரலில் சூடு ஏறியது.

அக்கா இதயத்துக்குள் கொஞ்சம் ரத்தம் நிரம்பவிட்டார். மயக்க டாக்டர் நுரையீரலை மெல்ல ஊதினார். பெரிய டாக்டர் இதயத்தைக் கையில் ஏந்தி, தூங்குகிற குழந்தையை ஆட்டுவதுபோல் ஆட்டினார். திரையில் வெள்ளைப் புள்ளிகள் பொரிபோலக் கிளம்பின!

"அடேங்கப்பா! நுரையீரல் பக்கத்துல பதுங்கியிருந்திருக்கு!" மயக்க டாக்டர் கிட்டத்தட்டக் கத்தினார்.

மெல்லிய குழாய் அத்தனையையும் உறிஞ்சியது. திரை கறுத்துத் தெளிந்தது. இரண்டு டாக்டர்களும் மறுபடி சொன்னார்கள். அக்கா குழாயை இன்னொரு முறை துடைத்தார், குனிந்தார், நிமிர்ந்தார்.

"குமிழ் இல்ல!"

கவ்வி விலகியது. இதயம் ஒரு துள்ளு துள்ளி, தானாகவே அடிக்க ஆரம்பித்தது. என் கையிலிருந்த துடைப்பம் நழுவியதுகூட எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஏலக்காரரின் வாயிலிருந்த சுவாசக் குழாயை எடுத்த பிறகு, அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனார். மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஏலக்காரர் எல்லோரையும் பார்த்தாரே தவிர, பேசவில்லை. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தார். "ஒரு ஸ்பூன்தான் ஐயா."

உதடு அசைந்தது. கரகரவென்று குரல் வந்தது. "ரெண்டு ஸ்பூன்... ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"மூணு தரம்!" என்று மனைவி அழுதுகொண்டே சிரித்தார்.

"சரி, ரெண்டு ஸ்பூன்" என்றார் நர்ஸ்.

அக்கா தம்ளரை வாங்கி, விளிம்பில் டொக்கென்று ஒரு தட்டு தட்டிவிட்டு நீட்டினார்.