அவள் சொன்னதும் நான் சொன்னதும்

ஒரு பெண் தமிழில் சொன்ன உண்மையை நான் ஆங்கிலத்தில் பொய்யாக்கினேன். வாய் தவறி அல்ல. வார்த்தை கிடைக்காமல் அல்ல. தெரிந்தே செய்தேன்!

மொழிபெயர்ப்பு என்றால் முன்னே பின்னே இருக்கத்தானே செய்யும் என்று நீங்கள் எனக்காகச் சமாதானம் தேடலாம். தயவுசெய்து தேடாதீர்கள். நானே தேடிச் சலித்துவிட்டேன்.

மதுரையில் மிஷன் பள்ளியில் படித்தவள் நான். பிழையில்லாத ஆங்கிலம் ஒன்றுதான் எனக்கு வாய்த்த சொத்து. அதை வைத்துத்தான், ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் சாலையில் இருந்த தொழிற்பயிற்சி மையத்தில் ஆங்கில ஆசிரியை ஆனேன். ஆண்டுதோறும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய வேலை. அந்நிய நாட்டு வங்கி ஒன்றின் கடனில் எழுந்த மையம் அது. நன்கொடை அல்ல, கடன்! நீங்களும் நானும் வரியாகக் கட்டித்தான் அதை அடைக்கவேண்டும்.

கடனில் கட்டடம் வந்தது. கண்ணாடிக் கதவு வந்தது. கணினி சொல்கிறபடி இரும்பைக் கடைந்து தரும் பெரிய இயந்திரம் வந்தது. அதை ஓட்டும் அளவுக்கு மின்சாரம் மட்டும் வரவில்லை! டிரான்ஸ்பார்மர் கடன் திட்டத்தில் சேராது என்றது ஓர் அலுவலகம். எங்களிடம் அதற்கு நிதி இல்லை என்றது இன்னோர் அலுவலகம். ஓட்டத் தெரிந்த பயிற்றுநரை யாரும் நியமிக்கவும் இல்லை. இயந்திரம் பிளாஸ்டிக் உறையைக் கூடக் கழற்றாமல் நின்றது. பிள்ளைகள் அதன் படத்தைக் கரும்பலகையில் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள்... சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி முத்துமாரி. சோழவந்தான் பக்கமிருந்து பேருந்து மாறி மாறி வருவாள். அவளுடைய அப்பா வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்தார். வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாத பெண்.

"டீச்சர், இது எப்பத்தேன் ஓடும்? பூசை போட்டு மாலையாவது போடுங்க, சாமின்னு கும்பிட்டுட்டுப் போறோம்" என்பாள். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஒரு நாள் வங்கிக்காரர்கள் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. இரண்டாவது கட்டடத்துக்குக் கடன் கொடுக்கலாமா என்று பார்க்கத்தான். மையம் பரபரத்தது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து கட்டடத்தின் பின்னால் மறைத்து வைத்தார்கள். உறையைக் கழற்றி இயந்திரத்தின் விளக்குகளை மட்டும் எரியவிட்டார்கள்.

மாணவிகள் சார்பில் பேச முத்துமாரியைத் தேர்ந்தெடுத்தார் எங்கள் முதல்வர். கூச்சப்படாமல் பேசுவாள் என்பதுதான் காரணம்! அவள் பேசுவதை வங்கிக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பொறுப்பு எனக்கு.

மேடைக்குப் போகும் முன் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டீச்சர், நான் பேசுறத அப்படியே அவுககிட்ட சொல்லிருவீங்கள்ல?"

"சொல்லிருவேன்மா. பயப்படாமப் பேசு."

அவள் பேசினாள். குரல் நடுங்கவில்லை.

"இந்த மெசினுல நாங்க ஒரு துண்டு இரும்பக்கூடக் கடைஞ்சதில்லைங்க. அதுக்குக் கரண்டே இல்ல. ஜெனரேட்டரு இன்னைக்கு மட்டுந்தேன். இன்னொரு கட்டடம் வேணாங்க. இருக்குறத ஓட விடுங்க, சொல்லித்தர ஒரு ஆளப் போடுங்க. அது போதும்."

முதல்வரின் முகம் வெளிறிப்போனது. சென்னையிலிருந்து வந்திருந்த அரசு அதிகாரி தரையைப் பார்த்தார். வங்கிக் குழுவின் தலைவி, நரைத்த முடி கொண்ட அம்மையார், ஆவலோடு என் பக்கம் திரும்பினார்.

நான் வாயைத் திறந்தேன். இந்த இயந்திரம் தன் வாழ்க்கையையே மாற்றிவிட்டது என்கிறாள் என்றேன். தன்னைப் போன்ற இன்னும் பல பெண்கள் படிக்க இன்னொரு கட்டடம் வேண்டும் எனக் கேட்கிறாள் என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா... ஓர் இடத்தில்கூட நா தடுக்கவில்லை!

எதிரே இருந்த பிள்ளைகளுக்கு அது பிடிபடவில்லை. அவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவள் நான்தானே!

அம்மையார் எழுந்து வந்து முத்துமாரியின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். அவர் கண்கள் கலங்கின. தன் பேச்சு அவரைத் தொட்டுவிட்டது என்று முத்துமாரியும் அழுதாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

தேநீரின்போது அந்தச் சென்னை அதிகாரி என் அருகில் வந்து, "நல்லா சமாளிச்சீங்க மேடம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆம், பெருமை! இதையும் உங்களிடம் மறைக்கப்போவதில்லை.

ஏன் செய்தேன்? ஒப்பந்தம் போய்விடும் என்ற பயமா? யாரும் என்னை மிரட்டவில்லையே! வந்தவர்கள் முகம் சுளிக்கக் கூடாது, நல்லபடியாக நடக்கும் ஒரு காரியம் என்னால் கெட்டுவிடக் கூடாது... அவ்வளவுதான். இவ்வளவு அற்பமான காரணத்துக்காகவா ஒரு பெண்ணின் வாயை அடைப்பார்கள்? அடைத்தேன்.

அதன் பிறகு முத்துமாரி காத்திருந்தாள். "நான் சொல்லிட்டேன்ல, கரண்டு வந்துரும் பாருங்கடி" என்று தோழிகளுக்கு உறுதி சொன்னாள். லாரிகள் வந்தபோது வாசலுக்கு ஓடினாள். வந்தது செங்கல்லும் கம்பியும். இரண்டாவது கட்டடம் எழுந்தது. அதற்குள் இன்னோர் இயந்திரம், அதே உறையோடு!

படிப்பு முடிந்து சான்றிதழ் வாங்கினாள். திருமங்கலம் சாலையில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே அதே மாதிரி இயந்திரத்தின் முன்னால் நிறுத்தி, ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். எந்தப் பொத்தானை முதலில் அழுத்துவது என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். சூப்பர்வைசர் சிரித்தாராம். நேராக என்னிடம் வந்து சொன்னாள். அப்போதும் என்னைக் குறை சொல்லவில்லை.

"நீங்க அம்புட்டு அழகா எடுத்துச் சொன்னீங்க டீச்சர். அந்த வெள்ளக்காரம்மாதேன் போனதும் மறந்துருச்சு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்! தலையை ஆட்டினேன். அந்த அம்மையாரின் மேல் பழி விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். டவுனில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறாள். சோழவந்தான் பேருந்துக்கு நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அந்த அன்பைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப... அந்தக் கட்டடத்த நானா கேட்டேன்னு சொன்னீங்க?"

"ஆமா."

"அதுக்குத்தேன் அந்தம்மா கையப் பிடிச்சு அழுதாங்களா?"

"ஆமா முத்துமாரி... என்னைய மன்னிச்சிரும்மா."

அவள் மன்னிப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

"நான் சொன்னதுக்கு இங்கிலீசுல என்ன டீச்சர்? இப்பச் சொல்லுங்க."

ஹாரன் சத்தத்துக்கு நடுவே, போகிற வருகிறவர்கள் பார்க்க, சொன்னேன். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சின்னச் சின்ன வார்த்தைகள். ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

"இம்புட்டுத்தேனா?"

அவளுடைய பேருந்து வந்தது. கூட்டத்தோடு ஏறிக்கொண்டாள். வாரேன் டீச்சர் என்று சொல்லவில்லை. ஜன்னலோர இருக்கை கிடைத்தும் வெளியே திரும்பவில்லை. பேருந்து கிளம்பிப் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன்... அவள் தண்ணீர் பாட்டில் என் கையில்.