பின்னால் போகச் சொன்ன பெட்டி

கையில் எதையும் பிடிக்காமல் உடம்பை அசைத்தே விளையாடுகிற வீடியோ கேம் கருவி வெறும் கண்கட்டு வித்தை என்று இணையத்தில் யாராவது எழுதிவிட்டால், அன்றைக்கு என் சோறு ஆறிவிடும். பதில் எழுதி முடிக்காமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. இப்போது எவரும் அதைத் தொடுவதில்லையே, தோற்றுப்போன சாமான்தானே என்பார்கள். தோற்றதை நானும் மறுக்கவில்லை. ஏன் தோற்றது என்பதில்தான் எனக்குச் சண்டை. ஆறாம் ஆண்டு படிக்கும்போது, பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசைவீட்டு லயத்தில் ஆரம்பித்த சண்டை அது. இன்னும் முடிக்கவில்லை.

கொழும்பில் வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு வெள்ளிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சலித்துப்போனதாம். கறுப்புப் பெட்டி ஒன்று. டிவிக்குக் கீழே வைக்க, கேமராக் கண்கள் பதித்த நீளப் பட்டை ஒன்று. பட்டன் கிடையாது, பிடி கிடையாது. நாம் கையைத் தூக்கினால் திரையில் நிற்கும் ஆளும் தூக்குவான் என்றார் மாமா. அவர் சொல்லி முடிக்குமுன்பே நான் அதற்கு அடிமை.

"இந்த வீட்டுல இது வேல செஞ்சா வச்சுக்க புள்ள. செய்யாட்டி ஞாயித்துக்கெழம பஸ்ஸுல திருப்பிக் கொண்டுபோயிருவேன். வேற ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கான்."

சனிக்கிழமை டவுனிலிருந்து பெரியப்பா மகன் வந்து சேர்ந்தான். பெரியப்பாவுக்கு பஜாரில் கடை. அண்ணனிடம் பட்டன் வைத்த கேம் இருந்தது, கட்டைவிரலில் அதற்கான தழும்பும் இருந்தது. கடையில் வளர்ந்தவன் என்பதால் பொய் என்று சொல்லவேண்டிய இடத்தில் அவனுக்குச் சிங்களச் சொல்தான் முந்திக்கொண்டு வரும்.

"இது பொரு சாமான் மாமா. பட்டன் இல்லாம என்னா கேம்? ஒங்க தலையில நல்லா கட்டிட்டானுக."

மாமாவின் முகம் சுருங்கியது. நான் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன்.

எங்கள் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், ஒரு கட்டில், ஒரு அலுமாரி, டிவி மேசை, நான்கு பேர். பட்டையின் முன்னால் நின்று கையை ஆட்டினேன். திரையில் தலையும் இல்லாமல் காலும் இல்லாமல் ஒரு வயிறு மட்டும் ஆடியது. அண்ணன் கட்டிலில் விழுந்து சிரித்தான். பிறகு திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

"என்னா சொல்லுது?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"பின்னால போகச் சொல்லுதும்மா."

"எங்க போறது?"

ஏற்கெனவே என் முதுகு சுவரில் ஒட்டியிருந்தது. அப்பாவும் மாமாவும் கட்டிலை நிமிர்த்தி அலுமாரியோடு சாய்த்தார்கள். பின்னால் போ என்றது. மேசையை அடுப்படி வாசல்வரை தள்ளினோம். பின்னால் போ. கடைசியில் நான் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் போய் நின்று, திறந்த கதவு வழியாகக் காம்பராவுக்குள் பார்த்தபடி கையை விரித்தேன். என் தலை தெரிந்தது, கால் தெரிந்தது. ஆனால் கதவு நிலைக்கு அப்பால் போன இரண்டு கைகளையும் பெட்டி காணவில்லை. திரையில் கையில்லாத ஆள் முழித்துக்கொண்டு நின்றான்.

"நாந்தான் சொன்னேனே," என்றான் அண்ணன். "லயத்துக்கெல்லாம் இது சரிவராது சித்தி."

அம்மா அவனை ஒருமுறை பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் சோறு முடிந்ததும், எவரையும் கேட்காமல், டிவியின் வயரைப் பிடுங்கினாள்.

"தூக்குடா தம்பி."

"எங்கக்கா?"

"மடுவத்துக்கு."

மடுவம் என்றால் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஈ காக்கை இராது. தகரக் கூரை, சிமெந்துத் தரை, மின்தராசுக்காகப் போட்ட பிளக். சும்மாடு சுற்றி டிவியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அம்மா முன்னே நடக்க, பெட்டியோடு மாமா, பட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நான், ஒன்றையும் தூக்காமல் அண்ணன். லயத்துச் சனம் பின்னாலேயே வந்தது.

பின்னால் போ என்றது பெட்டி. போனேன். இன்னும் கொஞ்சம் என்றது. போனேன். அதற்குப் பிறகு அது ஒன்றும் சொல்லவில்லை. திரையில் தலை, கை, கால் எல்லாவற்றோடும் நான் நின்றேன். நான் போட்ட கத்தலில் கொட்டகைத் தகரம் அதிர்ந்திருக்கும்.

நாலாபக்கமும் பறந்துவரும் பந்துகளை இரண்டு கையாலும் அடிக்கவேண்டிய ஆட்டம் அது. அண்ணன் இறங்கினான். கட்டைவிரல் மன்னனுக்கு இடது கை என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரவில்லை. அடுத்து மாமா அம்மாவைத் திரைக்கு முன்னால் தள்ளிவிட்டார். அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கண் ஒரு பந்தில் இருக்க, கைகள் அடுத்த இரண்டில் இருந்தன. நாலைந்து அடிக்கு ஒருமுறை அவள் கை தானாகத் தோளுக்கு மேலே போய்வந்தது. முதுகில் கூடை இல்லை என்பதை அந்தக் கை மறந்துவிட்டது. திரையில் நின்ற ஆளும் ஒவ்வொரு முறையும் எதையோ பின்னால் வீசினான்.

"கொழுந்து சிந்துது, பாத்துப் போடு!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். அம்மாவே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அண்ணனின் புள்ளியைத் தாண்டினாள்.

சத்தம் கேட்டுக் கணக்கப்பிள்ளை வந்தார்.

"என்னம்மா இது? கொழுந்து நிறுக்கிற எடத்துல டான்ஸா?"

"ஆறு நாளும் நாங்கதானுங்க ஐயா இங்க நிக்கிறோம்," என்றாள் அம்மா, திரும்பாமலே. "இன்னிக்கும் நிக்கிறோம்."

அவர், அஞ்சு மணிக்குள் கழுவி விடவேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் பஸ்ஸுக்கு நேரமானதும் மாமா வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"வேல செஞ்சுச்சே மாமா!"

"வீட்டுல செய்யலியே," என்றான் அண்ணன்.

"அப்பன்னா வீட்டுலதான் பிழை! பெட்டியில இல்ல!"

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். இன்றைக்கும் இணையத்தில் நான் எழுதுகிற பதில் இதுதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், அவ்வளவே. பட்டன் கட்டைவிரலை மட்டுமே கேட்கும். அந்தப் பெட்டி முழு ஆளையும் கேட்டது. கேட்டது தப்பா? நிற்க இடம் கொடுக்காதவனை விட்டுவிட்டு, நில் என்று சொன்னதைக் குற்றம் சொல்கிறார்கள்.

நான் அண்ணனோடு கத்திக்கொண்டிருக்கையில், அம்மா மாமாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த மொதலாளி வீட்டுல இத எங்க வச்சிருந்தாங்க?"

"ஹால்லக்கா."

"எம்புட்டுப் பெருசு?"

மாமா சுற்றிலும் பார்த்தார். "இந்த மடுவம் அளவு வரும்."

"எத்தன பேரு இருக்காங்க?"

"நாலு பேருதான்."

அம்மா மடுவத்தின் ஒரு மூலைக்குப் போய், குதிகாலும் விரலும் தொடத் தொட, அடிமேல் அடி வைத்து மறு மூலைவரை நடந்தாள். உதடு அடிகளை எண்ணிக்கொண்டிருந்தது. அடுத்த ஆட்டத்துக்குப் பழகுகிறாள் என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.